ஆவர்த்தனத்துக்கு ஒரு வரி

கர்நாடக இசையின் ஸ்வரக் குறிப்பு, கணினி பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே எழுத்துகளால் ஆனது. மேற்கத்திய இசையை ஐந்து கோடுகளின் மேலும் இடையிலும் புள்ளிகளை வைத்து எழுதுகிறார்கள். அதைக் கணினியில் ஏற்ற வேண்டுமானால் படமாக வரைய வேண்டும். இல்லையென்றால் எழுத்தாக மாற்றித் தரும் மொழி ஒன்றைப் புதிதாக உருவாக்க வேண்டும். கர்நாடக இசைக்கு இந்த வேலை மிச்சம். ஸ, ரி, க, ம, ப, த, நி என்னும் ஏழு ஸ்வரங்கள், காற்புள்ளி, அரைப்புள்ளி, தாளத்தின் அங்கங்களைப் பிரிக்கும் செங்குத்துக் கோடு ஆகியவை இருந்தால் ஒரு வர்ணமோ கீர்த்தனையோ தாளில் இறங்கிவிடும். அனைத்தும் சாதாரண விசைப்பலகையில் அடிக்கக்கூடியவை. அதனால் மென்பொருள் எழுதுவோர் தங்கள் நிரல்களைக் காக்க உருவாக்கிக்கொண்ட பதிப்புக் கட்டுப்பாடு என்னும் முறை இந்த இசைக்கு ஏறக்குறைய அப்படியே பொருந்துகிறது.

குறிப்பின் இலக்கணம் சிறியது. ஸ என்று குறிலாக எழுதினால் ஓர் அட்சர காலம். ஸா என்று நெடிலாக எழுதினால் இரண்டு. ஸ்வரத்தை மேலும் நீட்டக் காற்புள்ளி ஓர் அட்சரம் சேர்க்கும், அரைப்புள்ளி இரண்டு சேர்க்கும். ஆதி தாளத்தில் நான்கு எண்ணிக்கை முடிந்ததும் ஒரு கோடு, ஆறு முடிந்ததும் இன்னொரு கோடு, எட்டு முடிந்ததும் இரட்டைக் கோடு. மேல் ஸ்தாயி ஸ்வரத்துக்குத் தலையில் புள்ளி, மந்தர ஸ்தாயிக்கு அடியில் புள்ளி. எழுத்துகளுக்கு மேல் கோடு போட்டால் வேகம் இரட்டிக்கும்.

இந்த முறை இன்றைய வடிவத்துக்கு வந்தது அச்சு இயந்திரத்தின் வருகைக்குப் பிறகுதான். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னையில் ஏ. எம். சின்னசாமி முதலியார், தென்னிந்தியக் கீர்த்தனைகளை ஐரோப்பியக் கோட்டு முறையில் அச்சிடும் பெருமுயற்சியில் இறங்கினார். முத்துசாமி தீட்சிதரின் பாடல்களைத் தேடி அவர் எட்டயபுரத்தில் இருந்த சுப்பராம தீட்சிதரை அணுகினார். அந்தத் தொடர்பும் எட்டயபுரம் சமஸ்தானத்தின் ஆதரவும் சேர்ந்து, 1904இல் சுப்பராம தீட்சிதரின் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி என்னும் பெருநூல் வெளிவரக் காரணமாயின. தெலுங்கு எழுத்தில் எட்டயபுரத்திலேயே அச்சான நூல் அது. முத்துசாமி தீட்சிதரின் 229 கீர்த்தனைகள் அதில் ஸ்வரப்படுத்தப்பட்டிருக்கின்றன. சென்னை மியூசிக் அகாடமி அதைத் தமிழ் எழுத்தில் ஐந்து தொகுதிகளாக 1961 முதல் 1983 வரை வெளியிட்டது.

முதலியார் தேர்ந்த கோட்டு முறையை விட்டு, சுப்பராம தீட்சிதர் எழுத்து முறையையே எடுத்துக்கொண்டார். கமகங்களுக்கு, அதாவது ஸ்வரங்களின் அசைவுகளுக்கு, மட்டும் தனிக் குறிகள் வகுத்தார். ஏற்ற ஜாருவுக்கு மேல்நோக்கிய சாய்கோடு /, இறக்க ஜாருவுக்குக் கீழ்நோக்கிய சாய்கோடு \, ரவைக்குக் கூரை போன்ற ^, கம்பிதத்துக்கு அலைக்கோடு ~, ஒடுக்கலுக்குப் பெருக்கல் குறி வடிவம். அச்சுக்கோப்பவரின் பெட்டியில் கிடைக்கும் எளிய உருக்களைக் கொண்டே அசைவுகளை எழுதிவிடலாம் என்ற இந்த முடிவு மிகத் தெளிவான சிந்தனையின் விளைவு. நூற்றாண்டு கடந்தும் அந்தக் குறிகளில் பெரும்பாலானவற்றை எந்தக் கணினியிலும் தனி எழுத்துரு இல்லாமல் அடிக்க முடிகிறது.

எளிய உரைக் கோப்பு என்பது எழுத்துகளையும் இடைவெளிகளையும் வரி முடிவுகளையும் தவிர வேறு எதுவும் இல்லாத கோப்பு. எழுத்துரு, நிறம், பக்க அளவு எதுவும் அதற்குள் இராது. வேர்டு கோப்போ அப்படியல்ல. உள்ளே பல கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய பொதி அது. அதில் ஒரு ஸ்வரத்தை மாற்றிச் சேமித்தால் பொதியின் உள்ளடக்கம் பல இடங்களில் மாறிப்போகும். எது மாறியது என்று இன்னொரு கருவியால் எளிதில் சொல்ல முடியாது. பிடிஎஃப் இன்னும் இறுக்கமானது. தமிழில் இதோடு இன்னொரு துன்பமும் இருந்தது. யூனிகோடு பரவுவதற்கு முன் ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கென ஒரு குறியாக்கம் வைத்திருந்ததால், எழுத்துரு தொலைந்தால் ஆவணமும் தொலைந்த மாதிரிதான். 1990களில் தட்டச்சு செய்து பொத்திப் பாதுகாத்த பாடல் தொகுப்புகளில் பல இன்று பொருளற்ற எழுத்துக் கலவையாகத் திறப்பதற்கு இதுவே காரணம். யூனிகோடில் எழுதிய எளிய உரைக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு.

பதிப்புக் கட்டுப்பாட்டின் வரலாறு 1970களில் பெல் ஆய்வகத்தில் தொடங்குகிறது. 1972இல் மார்க் ரோச்கைண்டு நிரல்களின் பழைய வடிவங்களைச் சேமிக்கும் கருவி ஒன்றை எழுதினார். சில ஆண்டுகளில், இரண்டு கோப்புகளை வரி வரியாக ஒப்பிட்டு வேறுபாட்டை மட்டும் காட்டும் 'டிஃப்' வந்தது. இன்று பரவலாகப் பயன்படும் 'கிட்' 2005 ஏப்ரலில் பிறந்தது. லினக்ஸ் கருநிரலைப் பராமரிப்பதற்காக லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதியது அது.

கிட் செய்வது இதுதான். ஒரு கோப்புறையின் முழு நிலையையும், பயனர் சொல்லும் நேரத்தில், ஒரு 'கமிட்' ஆகப் பதிந்து வைக்கிறது. ஒவ்வொரு கமிட்டிலும் யார் மாற்றியது, எப்போது, ஏன் என்ற குறிப்பு, இதற்கு முந்தைய கமிட் எது என்ற தகவல் ஆகியவை இருக்கும். இவை அனைத்தையும் கணித்து 40 எழுத்துகள் கொண்ட அடையாளம் ஒன்று உருவாகும். உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் அந்த அடையாளம் மாறிவிடும். முந்தைய கமிட்டின் அடையாளமும் அதற்குள் அடங்கியிருப்பதால், பழைய பதிவை யாரும் ஓசையின்றித் திருத்தினால் அதன்பின் வந்த அத்தனை அடையாளங்களும் மாறிப்போய் அது வெளிப்பட்டுவிடும்.

ஒரு சிறிய கோப்பை எடுத்துக்கொள்ளலாம். தலைப்பில் மூன்று வரிகள்:

ராகம்: மோகனம்
மேளம்: 28
தாளம்: ஆதி

அதன் கீழ் ஸ்வர வரிகள். முதலில் எழுதியவர் ஓரிடத்தில் தைவதத்தை இரண்டு குறிலாக எழுதியிருந்தார். பிறகு ஒலிப்பதிவைக் கேட்டவர் அது ஒரே நீண்ட தைவதம் என்று கண்டு திருத்தினார். கிட் அந்தத் திருத்தத்தை இப்படிக் காட்டும்:

- க ப த த | ப க | ரி ஸ ||
+ க ப தா | ப க | ரி ஸ ||

கழித்தல் குறியிட்ட வரி போனது, கூட்டல் குறியிட்ட வரி வந்தது. பக்கத்தில் குறிப்பு: "சரணம், 2ஆம் ஆவர்த்தனம்: ஒலிப்பதிவின்படி தைவதம் நீட்டல்." நூறு பக்கத் தொகுப்பில் மாறியது எது என்று தேட வேண்டியதில்லை. இன்ன வரியைக் கடைசியாக யார் தொட்டார், எந்தக் காரணத்துக்காக என்பதையும் வரிக்கு வரி கேட்டுப் பெறலாம். அச்சு நூலின் பிழைதிருத்தப் பட்டியலிடம் யாரும் எதிர்பார்க்க முடியாத துல்லியம் இது.

இந்தத் துல்லியம் தானாக வந்துவிடாது. கோப்பை எழுதும் ஒழுங்கைப் பொறுத்தது. டிஃப் வரிகளைத்தான் ஒப்பிடுகிறது. பக்க அகலத்துக்கு ஏற்றபடி வரியை உடைத்து எழுதினால், ஒரு காற்புள்ளி சேர்ந்ததும் பல்லவி முழுவதும் அடுத்தடுத்த வரிகளுக்குச் சரிந்து, எல்லா வரியும் மாறியதாகத் தெரியும். ஆகவே முதல் விதி: ஓர் ஆவர்த்தனத்துக்கு, அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்றுக்கு, ஒரு வரி. சாகித்தியம் அதற்கு நேர் கீழே தனி வரியில். ஒரே அடியை மாற்றி மாற்றிப் பாடும் ஒவ்வொரு சங்கதிக்கும் தனி வரி. இரண்டாவது விதி: நீட்டலை ஒரே விதமாக எழுத வேண்டும். "த ," என்றாலும் "தா" என்றாலும் பாட்டில் வேறுபாடு இல்லை. கணினிக்கு அவை இரண்டு வேறு வரிகள். தொகுப்பு முழுவதற்கும் எது வழக்கம் என்று முதலிலேயே முடிவு செய்யாவிட்டால், இசையில் மாற்றமே இல்லாத நூறு "மாற்றங்கள்" வரலாற்றில் குவியும்.

தமிழ் எழுத்திலேயே சில பொறிகள் இருக்கின்றன. ஸ்தாயிப் புள்ளிகள் அவற்றில் முதன்மையானவை. எழுத்தின் தலைமேல் வைக்கும் புள்ளி தமிழில் மெய்யெழுத்தின் அடையாளம். ஸ என்பதன் மேல் ஸ்தாயிப் புள்ளி வைத்தால் அது ஸ் ஆகப் படிக்கப்படும். அச்சில் இரண்டின் இடத்தையும் சிறிது மாற்றிச் சமாளித்தார்கள். உரைக் கோப்பில் மேல் ஸ்தாயிக்கு எழுத்துக்குப் பின் ஒரு மேற்கோள் குறியும் (ஸ'), மந்தரத்துக்கு முன்னால் ஒரு புள்ளியும் (.ப) இடுவது குழப்பமில்லாத வழி. வேகம் இரட்டிக்கும் மேற்கோட்டுக்குப் பதில் அந்த ஸ்வரங்களை அடைப்புக்குள் வைக்கலாம்.

அடுத்த பொறி கண்ணுக்கே தெரியாதது. கொ, கோ, கௌ போன்ற எழுத்துகளை யூனிகோடில் இரண்டு வழிகளில் சேமிக்க முடியும்: உயிர்க்குறியை ஒரே குறியாக, அல்லது முன்பகுதியும் பின்பகுதியுமாக இரண்டு குறிகளாக. திரையில் இரண்டும் ஒன்றே. மாயாமாளவகௌளை என்ற பெயரை ஒருவர் ஒரு விசைப்பலகையிலும் மற்றவர் வேறொன்றிலும் அடித்தால், டிஃப் ஒரே மாதிரியான இரண்டு வரிகளைக் காட்டி இவை வேறு என்று சொல்லும். போதாக்குறைக்கு, ஔகாரத்தின் பின்பகுதிக்குப் பதிலாக ளகரத்தையே அடித்துவிடுவோரும் உண்டு. முதல் வகைச் சிக்கலை யூனிகோடின் இயல்பாக்க முறை தீர்த்துவிடும். கமிட் செய்வதற்கு முன் கோப்பை அதன் வழியே ஒருமுறை செலுத்தினால் போதும். ளகரப் பிழையை அது தீர்க்காது. கீர்த்தனைகளில் நொடிக்கு நொடி வரும் 'ஸ்ரீ'யையும் அது தீர்க்காது. அந்த எழுத்து ஸகரத்தை அடியாகக் கொண்டும், 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தை அடியாகக் கொண்டும் எழுதப்படுகிறது. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். தெலுங்கு, வடமொழிச் சாகித்தியங்களைத் தமிழில் எழுதும்போது க, ச, ட, த, ப எழுத்துகளுக்கு மேல் 2, 3, 4 என்று எண்ணிடும் வழக்கமும் தேடலைக் கெடுக்கும். "குரு" என்று தேடுபவருக்கு "கு³ரு" அகப்படாது. இவற்றுக்கெல்லாம் தொகுப்பின் முகப்பில் ஒரு விதிக் கோப்பு வைப்பதே மருந்து.

எழுத்தாக இருப்பதன் இன்னொரு பயன், கணினி தானே சரிபார்க்க முடிவது. ஆதி தாளத்து வரியில் அட்சரங்களை எண்ணி, எட்டோ அதன் மடங்கோ வராத வரியைக் காட்டும் சிறு நிரலை யாரும் எழுதிவிடலாம். மோகனத்தில் மத்யமம் வந்தால் கேள்வி எழுப்பும்படி செய்யலாம். அது தீர்ப்பாக இருக்கக் கூடாது என்பது முக்கியம். காம்போஜி போன்ற பாஷாங்க ராகங்களில் அந்நிய ஸ்வரத்துக்கு உரிய இடம் உண்டு. அங்கே 'நி' என்ற ஒரே எழுத்து கைசிகி நிஷாதத்தையும் குறிக்கும், சில பிரயோகங்களில் காகலி நிஷாதத்தையும் குறிக்கும். எழுத்தைப் பார்த்து எது என்று சொல்ல முடியாது.

இங்கே கர்நாடகக் குறிப்புக்கே உரிய ஒரு தன்மை வெளிப்படுகிறது. ஸ்வர எழுத்து தன்னளவில் ஒலியைச் சொல்வதில்லை; ராகத்தோடு சேர்ந்துதான் சொல்கிறது. ஸரளி வரிசைக் கோப்பின் தலைப்பில் மாயாமாளவகௌளையை அழித்துச் சங்கராபரணம் என்று எழுதினால், கோப்பில் மாறியது ஒரு வரி. ஒலியிலோ எல்லா ரிஷபமும் எல்லா தைவதமும் உயர்ந்துவிடும். மறுபுறம், பாடகரின் ஸ்ருதி ஒரு கட்டையானாலும் ஐந்து கட்டையானாலும் கோப்பில் ஓர் எழுத்தும் மாறாது. கோட்டு முறையில் இதற்கு எல்லாப் புள்ளிகளையும் இடம் மாற்றி எழுத வேண்டியிருக்கும்.

மேற்கத்திய இசையும் எழுத்து வழியை நாடியிருக்கிறது. 1996இல் நெதர்லாந்தில் ஹான்-வென் நீன்ஹவுஸ், யான் நியூவென்ஹவுசன் இருவரும் தொடங்கிய 'லில்லிபாண்ட்', உரைக் கோப்பை வாங்கி அழகிய கோட்டு இசைத் தாளாக அச்சிட்டுத் தருகிறது. அதற்கும் முந்தையதான கிறிஸ் வால்ஷாவின் 'ஏபிசி' முறை நாட்டுப்புற மெட்டுகளை ஓரிரு வரிகளில் அடக்குகிறது. இசை மென்பொருள்கள் தங்களுக்குள் கோப்புப் பரிமாறிக்கொள்ளும் 'மியூசிக்எக்ஸ்எம்எல்' கூட எழுத்துதான். ஆனால் ஒரு ஸ்வரத்துக்குப் பல வரிகள் எடுத்துக்கொள்வதால், மனிதர் டிஃப்பைப் படித்து இசையை உணர்வது கடினம். அந்த வகையில் "க ப தா" என்ற வரி எவ்வளவோ மேல். வாசிப்பவர் அதைப் பார்த்த மாத்திரத்தில் பாடிவிடலாம். தட்டச்சு செய்த ஸ்வரங்களைக் கமகங்களோடு இசைத்துக் காட்டும் நிரல்களும் கர்நாடக இசைக்கு உண்டு, எம். சுப்பிரமணியன் உருவாக்கிய 'காயகா' அவற்றில் ஒன்று.

பதிப்புக் கட்டுப்பாடு உண்மையில் எதற்குத் தேவை என்பது பாடாந்தரத்துக்கு, அதாவது ஒரே பாட்டு பரம்பரைக்குப் பரம்பரை வேறுபடும் வடிவங்களுக்கு, வரும்போது தெரிகிறது. தியாகராஜர் தம் கீர்த்தனைகளை ஸ்வரப்படுத்தி வைத்துவிட்டுப் போகவில்லை. உமையாள்புரம், தில்லைஸ்தானம், வாலாஜாபேட்டை ஆகிய சீடர் பரம்பரைகள் வழியாக அவை வந்தன. ஒரே கீர்த்தனை மூன்று இடத்தில் மூன்று விதமாக வளர்ந்தது. வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர் வழி வந்த ஏடுகள் மதுரை சௌராஷ்டிர சபையில் பாதுகாக்கப்பட்டன. முத்துசாமி தீட்சிதரின் "வாதாபி கணபதிம்" பிரதர்சினியில் எளிமையாக நிற்கிறது. இன்றைய மேடையில் சங்கதி மேல் சங்கதியாக விரிகிறது. அந்தச் சங்கதிகளை மகா வைத்தியநாத சிவன் சேர்த்ததாக இசையுலகில் சொல்லிவருகிறார்கள். இரண்டு வடிவங்களையும் ஆவர்த்தனத்துக்கு ஒரு வரியாக எழுதி ஒப்பிட்டால், எந்த வரிகள் தொடாமல் நிற்கின்றன, எங்கே புது வரிகள் நுழைந்தன என்பது ஒரே பார்வையில் தெரியும். இசை ஆய்வாளர் பல நாள் உட்கார்ந்து கையால் செய்யும் வேலையின் முதல் பகுதி இது.

கிட்டில் ஒரு தொகுப்பைக் 'கிளை'களாகப் பிரித்து வளர்க்கவும், பிறகு இணைக்கவும் வசதி உண்டு. ஒவ்வொரு பாடாந்தரமும் ஒரு கிளை என்று வைத்துக்கொள்ளத் தோன்றும். அது சரியான வழி அல்ல. கிளை என்பது ஒருநாள் இணைக்கும் எண்ணத்தோடு பிரிப்பது. பாடாந்தரங்களை இணைத்து "திருத்திய" ஒரே வடிவம் செய்வது இரண்டையும் அழிப்பதாகும். ஒவ்வொரு பாடாந்தரத்தையும் தனிக் கோப்பாக, யாரிடம் கேட்டது, எந்த நூல், எந்த ஒலிப்பதிவு என்ற தலைப்போடு அருகருகே வைப்பதே நேர்மை. கிளைகள் தட்டச்சுப் பிழை திருத்துவதற்கும், ஐயமான இடங்களை முயன்று பார்ப்பதற்கும் பயன்படட்டும். இரண்டு பேர் ஒரே வரியை இரண்டு விதமாகத் திருத்தினால் கிட் எதையும் தானாகத் தேர்வதில்லை. இரண்டையும் அடையாளமிட்டு நிறுத்திக்கொள்கிறது, மனிதர் முடிவு செய்ய வேண்டும். அங்கே அது இசை தெரிந்தவரின் வேலை.

எழுத்தில் அடங்காதவையும் உண்டு. தோடியின் காந்தாரம் 'க' என்ற ஓர் எழுத்து; குரலிலோ அது ஓரிடத்தில் நிற்பதே இல்லை. சுப்பராம தீட்சிதரின் குறிகள் அசைவின் வகையைச் சொல்கின்றன. வீச்சையும் வேகத்தையும் சொல்வதில்லை. அதனால் ஒலிப்பதிவு இல்லாத ஸ்வரக் கோப்பு பாதிச் சான்று மட்டுமே. ஒலிக் கோப்புகளையும் கிட்டுக்குள் திணித்தால் தொகுப்பு இருக்கும் களஞ்சியம் ஊதிப்போகும்: ஒரு கீர்த்தனையின் உரை சில கிலோபைட், ஒரு மணி நேர எம்பி3, சாதாரணத் தரத்தில், 50 மெகாபைட்டுக்கு மேல். ஒலியை வேறிடத்தில் வைத்து, அதன் கணித்த அடையாளத்தை மட்டும் உரைக் கோப்பின் தலைப்பில் எழுதுவது நல்ல ஏற்பாடு. எந்த ஒலியைக் கேட்டு எந்த வரி எழுதப்பட்டது என்பது அப்போது உறுதியாகிறது.

உரைக் கோப்பின் இந்தச் சிறிய அளவு நீலகிரி போன்ற இடங்களில் பெரிய வசதி. பந்தலூர் வட்டத்துத் தேவாலா தமிழ்நாட்டில் மழை மிகுந்த ஊர்களுள் ஒன்று. தென்மேற்குப் பருவமழையில் மின்சாரமும் அலைபேசித் தொடர்பும் அறுந்தால், இணையத்தில் மட்டுமே இயங்கும் ஆவணம் திறக்காது. கிட்டில் ஒவ்வொருவர் கணினியிலும் தொகுப்பு தன் முழு வரலாற்றோடு இருக்கிறது. வேலையைத் தொடர்ந்து செய்து கமிட் செய்துகொண்டே போகலாம். தொடர்பு வந்ததும் மாற்றங்கள் மட்டும் போய்ச் சேரும். எதுவும் இல்லாவிட்டால் ஒரு பென்டிரைவில் கூடலூருக்கோ ஊட்டிக்கோ எடுத்துப் போகலாம்.

அங்கே எழுதிவைக்க இசைக்கும் குறைவில்லை. பணியர் பழங்குடியினரின் துடியும் குழலும், 1964ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிக் கூடலூர், பந்தலூர்த் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்களின் பாட்டும் தப்பும் அந்த மண்ணில் ஒலிப்பவை. தப்பு, பறை அடிகளைச் சொல்லாகவே வாயால் சொல்லிக் கற்பிப்பது வழக்கம் என்பதால், மிருதங்கச் சொற்கட்டைப் போலவே அவையும் நேராக உரைக் கோப்பில் ஏறும். மெட்டுகளுக்கு ஸ ரி க ம எவ்வளவு தூரம் பொருந்தும் என்பது பாட்டுக்குப் பாட்டு மாறும். பொருந்தாத இடத்தில் சொல்லையும் அடியையும் மட்டும் எழுதி, மெட்டை ஒலிப்பதிவுக்கு விட்டுவிடலாம். நீலகிரிக்கு இதில் நீண்ட முன்வரலாறு உண்டு. டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோடர் பாடல்களை மெழுகு உருளைகளில் பதிந்தார். எம். பி. எமனோ 1930களில் தோடர்களிடம் கேட்டு எழுதிய பாடல்கள் 1971இல் பெரிய நூலாக வந்தன. அது சொல்லின் தொகுப்பு. ஒலி ஓரிடம், எழுத்து வேறிடம் என்றே அவை நின்றுவிட்டன.

நீலகிரிப் பழங்குடியினரான கோத்தர்களின் இசையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ரிச்சர்ட் உல்ஃப், தெய்வத்துக்கான மெட்டுகளும் இறப்புச் சடங்குக்கான மெட்டுகளும் அவர்களிடம் தெளிவாகப் பிரிந்து நிற்பதைக் காட்டியிருக்கிறார். இப்படிப்பட்ட இசையைத் தொகுக்க முனைவோர் கிட்டின் ஓர் இயல்பை முன்பே அறிந்திருக்க வேண்டும்: ஒருமுறை கமிட் ஆனது, பிறகு நீக்கினாலும் வரலாற்றில் இருக்கும். வரலாற்றையே திருத்தி எழுதவும் வழி உண்டு. ஆனால் அதற்குள் நகல் எடுத்துச் சென்றவர்களின் கணினிகளில் அது அப்படியே நிற்கும். பிழை திருத்தத்துக்கு வரமாக இருக்கும் இதே குணம், வெளியே சொல்லக் கூடாத பாட்டுக்குத் தீங்காகும். ஆகவே பாடியவரிடமும் ஊராரிடமும் எதை எழுதலாம், எதைப் பொதுவில் வைக்கலாம் என்று கேட்டு, அந்த அனுமதியையும் கோப்பின் தலைப்பில் ராகம், தாளம் போலவே ஒரு வரியாக எழுதிய பிறகுதான் முதல் கமிட் செய்ய வேண்டும். அனுமதி கிடைக்காதவற்றை ஊராரிடமே இருக்கும் தனிக் களஞ்சியத்தில் வைக்கலாம். பொதுத் தொகுப்பில் அவற்றின் பெயர் வருவதற்கும் அவர்கள் சம்மதம் வேண்டும்.